ராங்கிக்காரியின் சீம்பால்

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். இதை நான் மூடி மறைத்துப் பேசுவதில்லை, அவளும் மறைப்பதில்லை. எங்கள் லாயத்துக் குதிரைகளுக்குக்கூட இது தெரியும் என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கொட்டடியில் நின்றால் அவை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடும்.

மாமனார் கண்ணை மூடும் முன் லாயத்தில் பாதியை மகனுக்கும் பாதியை மகளுக்கும் எழுதிவைத்துவிட்டார். நல்ல மனுஷர், நன்றாகத்தான் செய்தார். அதனால் அவளை நான் விரட்ட முடியாது, என்னை அவள் விரட்ட முடியாது. நடுவில் என் வீட்டுக்காரர். ஒரு விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். நாங்கள் குரலை உயர்த்த ஆரம்பித்தால் அவருக்கு அந்த நிமிஷமே வெளியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

எங்கள் தொழில் சினைக் குதிரைகளைப் பார்த்துக்கொள்வது. குதிரை வைத்திருப்பவர்கள் கடைசி மாதங்களில் கொண்டுவந்து விடுவார்கள். வயிறு இறங்குவதையும் மடி கட்டுவதையும் காம்பு நுனியில் மெழுகு போலப் பால் உறைவதையும் கவனித்து, பிரசவம் பார்த்து, குட்டி நன்றாக ஓடத் தொடங்கியதும் இரண்டையும் திருப்பி அனுப்புவோம். பிரசவக் கொட்டடி என் பொறுப்பு. தீவனம், மருந்து அறை, சீம்பால் பாட்டில்கள் வைக்கும் ஃப்ரீசர் எல்லாம் நாத்தனார் பொறுப்பு. ஃப்ரீசர் சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும் நடையைப் பார்த்தால் உள்ளே தங்கக்கட்டி இருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள்.

தங்கக்கட்டி என்று கேலியாகச் சொன்னாலும் அது உண்மையில் பாதிதான் கேலி. குதிரைக்குட்டி நோயோடு மல்லுக்கட்டும் சக்தி துளியும் இல்லாமல்தான் பிறக்கிறது. அந்தச் சக்தி முழுவதும் தாயின் சீம்பாலில் இருக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் அது வயிற்றுக்குள் போகவில்லை என்றால் அப்புறம் குடம் குடமாக ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. தாய் செத்துப்போனாலோ மடி வறண்டிருந்தாலோ இன்னொரு குதிரையின் சீம்பால்தான் கதி. அதனால், பால் நிறைய சுரக்கும் குதிரைகளிடம், குட்டி வயிறாரக் குடித்த பிறகு கொஞ்சம் கறந்து பாட்டிலில் உறைய வைப்போம். குட்டி குடித்த பிறகு. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். குட்டி முட்ட முட்டக் குடித்துவிட்டுத் தூங்கும்வரை யாரும் மடியில் கை வைக்கக் கூடாது.

ராங்கிக்காரி எங்களிடம் முதன்முதலில் வந்தது போன வருஷம். கறுப்புக் குதிரை, நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளை, யாரைப் பார்த்தாலும் பல்லைக் காட்டும் குணம். அதனால்தான் அந்தப் பெயர். பிரசவம் என்னவோ சுலபமாக முடிந்தது. செவலைக் குட்டி, வெடுக்கென்று எழுந்து நின்றது. சாப்பிடப் போன நேரம் தவிர நான் அன்று முழுவதும் அதன் கூடவே இருந்தேன். அது தடுமாறும்போதெல்லாம் தாடையைத் தாங்கிப் பிடித்து, காம்பை வாயில் வைத்து, குடிக்கக் குடிக்கத் தட்டிக் கொடுத்தேன். மறுநாள் குட்டி சோர்ந்து படுத்தது. ஈறைத் திறந்து பார்த்தால் மஞ்சள். மூத்திரம் பழுப்பாகப் போனது. டாக்டர் வந்து சேருவதற்குள் என் மடியிலேயே உயிரை விட்டது.

நாத்தனார் அழவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கொட்டடி வாசலில் நின்றபடி, "அண்ணிக்குக் கைராசி இல்ல" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் காலில்லாமல் ஊரெல்லாம் நடந்தது. லாடம் அடிப்பவர் என் காதுபடவே அதைச் சொன்னார். வருஷா வருஷம் எங்களிடம் குதிரை விடும் ஒருவர் இந்த முறை வேறு லாயத்தைத் தேடிக்கொண்டார். என்னைக் கையாலாகாதவள் என்று திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். கைராசி என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அதற்கு எந்தக் கோர்ட்டில் போய் வாதாடுவது?

இந்த வருஷம் ராங்கிக்காரி மறுபடி வந்தாள். அதே ஆண் குதிரைக்குச் சினையான வயிறு. டாக்டர் அவள் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விளக்கினார். குட்டி தகப்பனுடைய ரத்த வகையைக் கொண்டு பிறக்கிறது, தாயின் உடம்பு அந்த ரத்தத்தை எதிரியாக நினைத்து விஷம் மாதிரி ஒன்றைத் தயார் பண்ணி வைத்திருக்கிறது, அது முழுக்கச் சீம்பாலில்தான் இறங்கும் என்றார். வயிற்றுக்குள் இருக்கும்வரை குட்டிக்கு ஒன்றும் ஆகாது. வெளியே வந்து தாயின் பாலைக் குடித்தால் சாவு.

"அதனால குட்டி பொறந்ததும், எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே வாய்க்கூடை மாட்டிடுங்க. முதல் ரெண்டு நாள் தாய்ப்பால் ஒரு சொட்டுகூட உள்ள போகக்கூடாது. வேற குதிரையோட சீம்பால் புட்டியில குடுங்க. தாயோட பால விடாம கறந்து கீழ கொட்டிடுங்க" என்றார். எப்போது கூடையைக் கழற்றலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனையையும் எனக்குக் கற்றுக்கொடுத்து, அதற்கான சின்ன இயந்திரம் ஒன்றையும் விட்டுப் போனார்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அது என் கை இல்லை, ராங்கிக்காரியின் பால். நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் தட்டுகளையெல்லாம் அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"டாக்டருக்கு அண்ணி மேல ரொம்ப இரக்கம். ஆறுதலுக்கு ஏதாவது சொல்லணும்ல" என்றாள் அவர் போன பிறகு. அப்புறம் தன் அண்ணனிடம் திரும்பி, "பாலக் குடிச்சு எந்தக் குட்டியாவது சாகுமா? சரி, அவர் சொன்னபடியே செய்யட்டும். ஆனா இந்தக் குட்டியும் போச்சுன்னா அண்ணி பிரசவக் கொட்டடிப் பக்கமே வரக்கூடாது. லாயம் எனக்கும் சொந்தம். எனக்கும் பேர் கெடுது" என்றாள்.

வீட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்தும் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"என்னங்க?" என்றேன்.

"அவ சொல்றதும்..." என்றார், முடிக்காமல் எழுந்து போனார். அது சம்மதம்தான். அவருடைய மௌனத்தைப் படிக்க எனக்கு இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறது. பெற்ற பிள்ளை போல வளர்த்த கொட்டடி அது. அதன் கதவை எனக்குச் சாத்துவதற்கு ஒரு குட்டியின் உயிரைப் பணயம் வைத்துவிட்டார்கள், அண்ணனும் தங்கையும்.

பொதுவாகக் குதிரை ஊர் அடங்கிய பிறகுதான் குட்டி போடும். மனுஷ நடமாட்டம் இருந்தால் வலியை அடக்கி வைத்துக்கொள்ளக்கூட அதற்குத் தெரியும். ராங்கிக்காரிக்கு எதிலும் ஊரோடு ஒத்துப்போகும் வழக்கம் இல்லை. பட்டப்பகலில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பனிக்குடம் உடைந்தது. நான் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி, கொட்டடி வாசலில் இருந்த வாளியில் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக்கொண்டு உள்ளே போனேன். வெளேரென்ற சவ்வுக்குள் ஒரு குளம்பு, கொஞ்சம் பின்னால் இன்னொரு குளம்பு, முழங்காலின் மேல் மூக்கு. எல்லாம் ஒழுங்கான வரிசை. நான் இழுக்கவில்லை. அவள் முக்கும்போது மட்டும் தாங்கிக்கொண்டேன். தோள் தாண்டியதும் குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது.

மறுபடியும் செவலை. அதே நிறம், அதே நீளக் கால், செத்துப்போனதே திரும்பி வந்து படுத்திருப்பது போல.

சவ்வை விலக்கி மூக்கைத் துடைத்தேன். தொப்புள்கொடி தானாக அறுந்ததும் மருந்தில் தோய்த்தேன். டாக்டர் சொன்னபடி ரத்தம் கொஞ்சம் குழாயில் எடுத்து வைத்தேன். குட்டி காலை உதைத்து எழப் பார்ப்பதற்குள் வாய்க்கூடையை மாட்டி, காதுக்குப் பின்னால் வாரைக் கட்டினேன். ராங்கிக்காரி எழுந்து வந்து குட்டியை நக்கினாள். நக்கிக்கொண்டே வந்து கூடையில் நாக்கு பட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னவென்று சொல்வது? என் நாத்தனாருக்கு நாலு கால் முளைத்தால் அப்படித்தான் பார்ப்பாள்.

குட்டி நாலைந்து முறை விழுந்து எழுந்து நின்றது. நின்றதும் அதற்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். தாயின் வயிற்றடியில் போய்க் கூடையால் மடியை இடித்தது. இடிக்க இடிக்கக் காம்பில் பால் சொட்டியது. தேன் நிறத்தில், கெட்டியாக, பார்த்தாலே நாவூறும் பால். குட்டியைக் கயிறு போட்டுத் தள்ளி நிறுத்துவதற்குள் ராங்கிக்காரி என் தோளைக் கடித்தாள். சட்டை கிழிந்தது. அவளைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. பசித்த பிள்ளையைத் தாயிடமிருந்து இழுத்தால் எவளும் கடிப்பாள்.

"கிழவியோட பாட்டில எடுத்துக்கிட்டு வா" என்று நாத்தனாருக்குக் கேட்கும்படி கத்தினேன்.

கிழவி என்பது எங்கள் லாயத்தின் சாம்பல் குதிரை. அவள் சீம்பாலுக்கு ஈடாக நான் எங்கும் பார்த்ததில்லை. ஃப்ரீசரில் அவள் பெயர் எழுதிய பாட்டில் ஒன்றும், நெட்டச்சி என்ற இன்னொரு குதிரையின் பாட்டில்கள் சிலவும் இருந்தன. நெட்டச்சியின் பால் பரவாயில்லை ரகம்தான். முதல் வாய்க்கு இருப்பதிலேயே கெட்டியானதைக் கொடுக்க வேண்டும் என்று நான் முன்பே முடிவு பண்ணியிருந்தேன்.

நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

"நெட்டச்சிது எடுக்கட்டுமா?"

"நான் என்ன சொன்னேன்?"

"கிழவியோடது பழசு அண்ணி."

"உறைஞ்ச பாலுக்கு என்ன பழசு, புதுசு? போன வருஷத்துதுதானே. போய் எடு."

"நெட்டச்சிது நெறைய இருக்கே. மொதல்ல அத..."

"சாவியக் குடு. நானே எடுத்துக்கறேன்."

சாவி என்றதும் போய்விட்டாள். போனவள் திரும்பவே இல்லை. குட்டியை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி நான் அவளுக்கு என்னென்ன சாபம் உண்டோ அத்தனையும் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் குட்டியைக் கட்டிப்போட்டுவிட்டு மருந்து அறைக்குப் போனால், அவள் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் அந்தப் பாட்டிலை இறக்கப் போகிறாள்.

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். சீம்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து, அதில் இருக்கும் சத்தெல்லாம் செத்துப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மெல்லத்தான் உருக்க வேண்டும். இது எங்கள் லாயத்தில் சாணி அள்ள வருபவர்களுக்குக்கூடத் தெரியும். இவளுக்குத் தெரியாதா?

"உனக்கு என்ன, பைத்தியமா?"

"சீக்கிரம் உருகட்டும்னுதான்..."

"பொய் சொல்லாத. குட்டி சாகணும். என்னை வெளிய தள்ளணும். அதுக்குத்தான இத்தனையும்?"

அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் முகம் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன். பாட்டிலை நானே உருக்கினேன். அவள் அறையின் மூலையில் நகத்தைக் கடித்தபடி நின்றாள். நாற்பதைத் தாண்டியவள் நகம் கடிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

கொட்டடிக்குத் திரும்பி வைக்கோலில் உட்கார்ந்தேன். குட்டியின் தலையை மடியில் சாய்த்து, கூடையைக் கழற்றினேன். வாயில் விரலை வைத்ததும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு உறிஞ்சியது. நல்ல பசி. பாட்டிலில் ரப்பர்க் காம்பைப் பொருத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். ஆசையாக அதன் உதட்டருகே கொண்டுபோனேன்.

நாத்தனார் எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. ஒரே அடி. பாட்டில் பறந்து சுவரில் மோதிக் கீழே உருண்டது. பால் வைக்கோலெல்லாம் வழிந்து ஓடியது.

நான் அதற்கு முன் யார் மேலும் கை நீட்டியதில்லை. குட்டியை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து, அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு தள்ளினேன். ராங்கிக்காரி மிரண்டு பின்னங்காலால் பலகையை உதைத்தாள். நாத்தனார் என் கையைத் தடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அது கிழவி பால் இல்ல" என்றாள்.

"என்ன?"

"இவளோடது. போன வருஷம் நான் கறந்தது."

அவள் தலைமுடி இன்னும் என் கையில்தான் இருந்தது. சொல்வது காதில் விழுந்தது, புத்திக்கு ஏறவில்லை.

"அன்னைக்கு நீங்க சாப்பிடப் போனீங்க. மடி நெறைஞ்சு தானா ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பாட்டில் கறந்தேன். குட்டி இன்னும் சரியாக் குடிக்கல. உங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அதான் கிழவி பேர எழுதி வெச்சேன்."

"எதுக்குக் கறந்த?"

"அதுக்கு முந்தின வருஷம் அந்தத் தாயில்லாக் குட்டிக்குக் குடுக்கப் ஃப்ரீசர் பெட்டியில பால் இல்ல. எல்லார் முன்னாடியும் என்ன சொன்னீங்க? ‘சாவிய மட்டும் செருகிக்கத் தெரியும், உள்ள ஒண்ணும் இருக்காது’ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் பெட்டி காலியா இருக்கவே கூடாதுன்னு இருந்தேன்."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. சொன்னபோது எல்லோரும் சிரித்ததும் நினைவு வந்தது. முடியை விட்டேன். விட்டேனே தவிர நம்பவில்லை. இவள் நாக்கில் உண்மை வந்து உட்காரும் என்று நம்ப நான் பச்சைக் குழந்தையா? பாட்டிலைத் தட்டிவிட்டுப் பிடிபட்டதும் கட்டிய கதையாகவும் இருக்கலாம். கிழவியின் பால்தான் என்றால் குட்டிக்குக் கிடைக்க வேண்டிய நல்ல பாலை இவள் மண்ணில் கொட்டிவிட்டாள். ராங்கிக்காரியின் பால்தான் என்றால் நான் என் கையாலேயே குட்டிக்கு விஷத்தைக் கொடுக்கப் பார்த்தேன். இரண்டில் ஒன்றுதான்.

"கூடையக் கட்டு, இவளக் கிட்ட விடாத" என்று சொல்லிவிட்டு, பாட்டிலின் அடியில் தங்கியிருந்த பாலை ஒரு குழாயில் வடித்து, அவள் இடுப்புச் சாவியை வாங்கி ஃப்ரீசரிலிருந்து நெட்டச்சியின் பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு மருந்து அறைக்குப் போனேன்.

ராங்கிக்காரியின் பால் எப்போது தெளிகிறது என்று பார்ப்பதற்காக டாக்டர் சொல்லிக்கொடுத்த சோதனைதான் அது. பாலை உப்புநீரில் கலக்கி, அதில் குட்டியின் ரத்தத்தைச் சொட்டுவிட்டு, இயந்திரத்தில் சுழற்றிக் குழாயைக் கவிழ்க்க வேண்டும். பால் நல்லதென்றால் அடியில் தங்கிய ரத்தம் கலைந்து வழிந்து ஓடிவரும். கெட்டதென்றால் கட்டிப்பட்டு அடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இயந்திரம் சுற்றும்வரை கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். இயந்திரம் ஓய்ந்ததும் நெட்டச்சியின் குழாயைக் கவிழ்த்தேன். ரத்தம் வழவழவென்று கண்ணாடியில் ஓடியது. கிழவி பெயர் எழுதிய பாலின் குழாயைக் கவிழ்த்தேன். சிவப்பாக, ஒரு பொட்டு போல, அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. உதறிப் பார்த்தேன். நகரவில்லை.

ஒரு வாய் போயிருந்தால் போதும். என் மணிக்கட்டில் விட்டுப் பார்த்த சொட்டு இன்னும் அங்கேயே காய்ந்திருந்தது. அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அது எனக்கு ஒன்றும் செய்யாதென்று தெரிந்தும் கழுவினேன்.

நெட்டச்சியின் பாலை உருக்கிக் கொண்டுவந்தபோது குட்டி பலவீனமாக நின்றுகொண்டிருந்தது. நாத்தனார் அதைத் தன் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு, ராங்கிக்காரியைக் கையை ஓங்கித் தள்ளி நிறுத்தியிருந்தாள். அவள் முழங்கையிலும் பல் பட்டு ரத்தம் வந்திருந்தது. வைக்கோலில் உட்கார்ந்தேன். குட்டியை மடியில் வாங்கினேன். முதலில் அது ரப்பர்க் காம்பை நாக்கால் தள்ளியது. பால் வாயில் வழிந்து கீழே போனது. பிறகு ஒரு முறை விழுங்கியது. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். இன்னொரு முறை.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்தார். பலகை உதைபட்ட சத்தம் அவர் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டிருக்கிறது. வைக்கோலில் பரவியிருந்த பாலைப் பார்த்தார். மூலையில் கிடந்த பாட்டிலில் எழுதியிருந்த பெயரைக் குனிந்து பார்த்தார்.

"கிழவி பாலா? இத எப்படிக் கொட்டினீங்க? யார் கொட்டினது?"

நாத்தனார் தலையைக் குனிந்தபடி வைக்கோலைக் காலால் ஒதுக்கினாள்.

"அண்ணி கைதான் தவறிடுச்சு" என்றாள்.

எழுந்து போய் அந்தக் குழாயை எடுத்துவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு வருஷமாக என் தலையில் சுமத்திய பழியை எல்லாம் வட்டியோடு திருப்பிப் போட்டிருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் குட்டி குடித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சை இழுத்த அசைவிலேயே அதன் காது விடைத்தது, உறிஞ்சுவது நின்றது. கத்தினால் காம்பை விட்டுவிடும். பயந்துபோன குட்டியை மறுபடி பாட்டிலுக்குப் பழக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அதன் தாடையைத் தடவினேன். மறுபடி உறிஞ்ச ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "பாத்துச் செய்யக்கூடாதா?" என்றார். போய்விட்டார்.

காலடிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"சீ" என்றேன், மெதுவாக. "நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

"அண்ணன்கிட்ட எப்படிச் சொல்வேன்?" அவளும் கிசுகிசுத்தாள். "அந்தக் குட்டி நான் கறந்ததாலதான் செத்துச்சு. அதோட பங்க நான் திருடிட்டேன். பால் பத்தாமத்தான் அது படுத்துச்சு. எனக்குத் தெரியாதா? நீங்க வாயத் தெறந்து கேட்டிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேன். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும்ல."

"அதான் என் கைமேல போட்டியா?"

அவள் பால் ஊறிய வைக்கோலை மறுபடி காலால் ஒதுக்கினாள்.

"டாக்டர் சொன்னாரே, கேட்டதான?"

"உங்களுக்காகச் சொல்றார்னு நெனச்சேன். நீங்க அந்தக் குழாயெல்லாம் பாத்துட்டு நெட்டச்சி பாலோட திரும்பி வர்றவரைக்கும் பாதிதான் நம்பினேன். நம்பாட்டியும், தெரிஞ்சே எப்படி அந்தப் பாலக் குடுக்க விடறது?"

ஒரு வருஷமாக அவள் அந்தக் கொலையை வயிற்றில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டால் இனியும் சுமப்பாள். நன்றாகச் சுமக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்கு நான் கொடுக்கக்கூடிய தண்டனை அதைவிடப் பெரிதாக வேறு கிடையாது. ஆனால் அவள் அப்படி ஒரு மடத்தனத்தை நம்பிக்கொண்டு என் எதிரில் நிற்பதைப் பொறுக்கவும் என்னால் முடியவில்லை.

"முட்டாள். நீ கறந்ததால அது சாகல. பாலக் குடிச்சதால செத்துச்சு. நீ இன்னும் ரெண்டு பாட்டில் திருடியிருந்தீன்னா அது பொழச்சிருக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். பிறகு அந்தக் கண் மெல்ல என் கைக்கு வந்தது. குட்டியின் தாடையைத் தாங்கி, காம்பை அதன் வாயில் பிடித்துக்கொண்டிருந்த என் கைக்கு.

"அப்ப," என்றாள், "அன்னைக்கு நாள் முழுக்க அதோட வாயில காம்ப வெச்சுக் குடிக்க வெச்சது யாரு அண்ணி?"

பாட்டில் காலியாகும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். குட்டி ரப்பரை விடாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றேன்.

அவள் கூடையை எடுத்து நீட்டினாள். நான் அதைக் குட்டியின் வாயில் மாட்டினேன். அவள் வாரைக் கட்டினாள்.